இருபதே ஆட்டங்கள் ஆடியவரிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பிள்ளைக்குக் கூடைப்பந்து சொல்லித்தர முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வருகிறார் என்றால், இங்கே அமெரிக்காவில் நம் பெற்றோர் முதலில் கேட்பது, "என்.பி.ஏ.வில் எத்தனை வருஷம் ஆடினார்?" என்றுதான். அதுதான் இந்த நாட்டின் தலையாய தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர். நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து ஜிம்களில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஐரோப்பாவில் சில சீசன் ஆடியவர் என்று பதில் வந்தால் முகம் மாறிவிடுகிறது. "என்.பி.ஏ.வில் நிற்க முடியாமல்தானே சின்னப் பசங்களுக்கு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது) சொல்லித்தர வந்துட்டார்" என்று அவர் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

காட் ஷாம்காட் என்று ஒருவர். நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துகிறவர். 1997-ல் பிராவிடன்ஸ் கல்லூரி அணி என்.சி.ஏ.ஏ. என்ற அமெரிக்கக் கல்லூரிகளுக்கான போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தபோது பந்து அவர் கையில்தான் இருந்தது. அந்தச் சுற்றில் அரிசோனாவிடம் கூடுதல் நேரத்தில் 96-92 என்று தோற்றார்கள். கோப்பையைத் தூக்கியதும் அதே அரிசோனாதான். அந்தக் கோடையில், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், வாஷிங்டன் அணி அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. என்.பி.ஏ.வில் அவர் ஆடியது மொத்தமே 20 ஆட்டங்கள். அப்புறம் சீனா, போலந்து, சவுதி அரேபியா என்று நாடு நாடாகப் போய் ஆடினார்.

ஆனால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் தெருவில் பழகுகிற ஒரு டிரிபிளுக்கு அவர் பெயர்தான். ஒரு கையால் பந்தை முன்னால் தள்ளிவிட வேண்டும். கைவிட்டுப் போன மாதிரியே இருக்கும். எதிரில் நிற்பவர் ஆசைப்பட்டு எட்டிப் பிடிக்க வருவார். அவர் எடை அந்தப் பக்கம் சாய்ந்த நொடியில் மறு கை பந்தைக் குறுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். பார்க்க வித்தை மாதிரி இருந்தாலும், இடுப்பு எவ்வளவு தாழ வேண்டும், பந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் தெரியாமல் செய்தால் பந்து நேராக எதிராளி கைக்குத்தான் போகும்.

இதை அவர் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. சிறுவனாக இருந்தபோது அவருடைய பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் நேட் 'டைனி' ஆர்ச்சிபால்ட். 1972-73 சீசனில் புள்ளிகளிலும் அசிஸ்ட்களிலும் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வைக்கும் பாஸ்) ஒரே நேரத்தில் என்.பி.ஏ.வின் முதலிடம் பிடித்தவர். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 34 புள்ளி, 11.4 அசிஸ்ட். 1981-ல் பாஸ்டனோடு கோப்பையும் வென்றார். அவ்வளவு பெரிய மனிதர் ஆடி முடித்ததும் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பி வந்து பந்தைத் தட்டச் சொல்லிக்கொடுத்தார். சிறுவன் ஷாம்காட் வளர்ந்து பள்ளி மாணவர்களுக்கான ஒரு முகாமுக்குப் போனபோது, எனக்கும் பந்தைக் கையாளக் கற்றுக்கொடு என்று இன்னொரு பள்ளி மாணவன் அவரிடம் வந்து நின்றான். பின்னாளில் என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரமான கோபி பிரையன்ட். ஆர்ச்சிபால்டிடமிருந்து ஷாம்காட், ஷாம்காட்டிடமிருந்து கோபி. இதில் நடு ஆள் 20 ஆட்டம்தான் ஆடினார் என்பதால் அவரைக் கழித்துவிட முடியுமா?

2012-ல், முப்பதுகளின் நடுவில், பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்க ஷாம்காட் பிராவிடன்ஸுக்கே திரும்பினார். தன்னைவிட எவ்வளவோ இளையவர்களோடு வகுப்பில் உட்கார்ந்துகொண்டே கல்லூரி அணிக்குப் பயிற்சியில் உதவினார். அங்கே அவரோடு உழைத்த கிரிஸ் டன் 2016 என்.பி.ஏ. டிராஃப்டில் ஐந்தாவதாகத் தேர்வானார். பிறகு ஷாம்காட் என்.பி.ஏ. அணியான டல்லாஸ் மேவரிக்ஸில் ஆட்டக்காரர்களை மெருகேற்றும் கோச் ஆனார்.

ஃபில் ஹேண்டியின் கதை இன்னும் அழுத்தமானது. என்.பி.ஏ. அணிகளின் முகாம் வரை போனார். சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. வெளிநாடுகளில் ஆடிவிட்டுத் திறன் பயிற்சியைத் தொழிலாக எடுத்துக்கொண்டார். கிளீவ்லாண்டு, டொரன்டோ, லேக்கர்ஸ் என்று மூன்று அணிகளின் பயிற்சிக் குழுவில் இருந்து 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு இறுதிச் சுற்றுகளைப் பார்த்தார். அதில் மூன்று கோப்பைகள். மறுபக்கம், ஆட்டக்காரராகப் பெரும் புகழ் பெற்ற மேஜிக் ஜான்சன் 1994-ல் லேக்கர்ஸுக்கு 16 ஆட்டங்கள் கோச்சாக இருந்தார். 5 வெற்றி, 11 தோல்வி. அதோடு விட்டுவிட்டார். பெரிய ஆட்டக்காரருக்குக் கற்பிக்க வராது என்று சொல்லவில்லை, ஆர்ச்சிபால்டே இருக்கிறார். ஆடுவது ஒரு வேலை, சொல்லித்தருவது வேறு வேலை. பாட்டு கற்கப் பிள்ளையை அனுப்பும்போது, சுருதி விலகினால் அந்த இடத்திலேயே பிடிக்கிற டீச்சரைத்தானே தேடுகிறோம், சபா சபாவாகக் கச்சேரி செய்கிறவரை இல்லையே.

அணியில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று விளிம்பிலேயே நின்ற ஆட்டக்காரருக்கு எதுவும் தானாக வந்திருக்காது என்பது என் எண்ணம். எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், பந்து உள்ளங்கையில் படாமல் விரல்களில் நிற்பது எப்படி, ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது முழங்கால் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தான் பழகியிருப்பார். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பிரித்துச் சொல்லும் அறிவுதான் வேண்டும். பள்ளி அணி கோச்சுக்கு அதற்கு நேரமே கிடையாது. வாரத்தில் கிடைக்கும் சில மணி நேரமும் அணி ஆட்டத்தைச் சரிசெய்யவே போய்விடுகிறது.

சரி, திறன் பயிற்சி என்ற பெயரில் நடப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். ரீல்ஸுக்காகவே நடக்கிற பயிற்சிகளும் உண்டு. வரிசையாக கோன்களை வைத்து, இரண்டு கையிலும் பந்தைக் கொடுத்து ஆடவிடுவார்கள். எதிரில் தடுக்க ஒரு ஆள் இருக்க மாட்டார். இடது கையால் ஒரு லே-அப் (வளையத்துக்கு அருகில் போய்ப் போடும் எளிய ஷாட்) போடத் தெரியாத பிள்ளைக்கு ஷாம்காட் டிரிபிளைச் சொல்லித்தருவது காசு பறிக்கிற வேலை. அதைவிட மோசம், வருடம் முழுக்க இந்த ஒரே விளையாட்டு என்று எட்டு வயதிலேயே பிள்ளையைக் கட்டிப்போடுவது. 14 வயதுவரை ஒரே விளையாட்டில் அடைக்காதீர்கள் என்று என்.பி.ஏ.வும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. 7, 8 வயதுக்கு வளையம் 8 அடியில் இருக்கட்டும், 10 அடி பிறகு வரட்டும் என்பதும் அவர்கள் வகுத்ததுதான். பத்தடி வளையத்துக்குத் தோளைச் சுழற்றி எறிந்து பழகின பிள்ளையின் ஷூட்டிங்கைப் பிறகு திருத்துவது எவ்வளவு சிரமம் என்று எந்த ட்ரெய்னரையும் கேட்டுப் பாருங்கள்.

அதனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவர் கண் பிள்ளையின் பாதத்தில் இருக்கிறதா, போன் கேமராவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். முடிந்ததும், "என் பிள்ளைக்கு எது வரவில்லை?" என்று கேளுங்கள். இடது பக்கம் போகும்போது தலை குனிந்துவிடுகிறது, நிற்கும்போது எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது என்று குறிப்பாகச் சொல்கிறாரா? சொன்னால், அவர் எந்த ஊரில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று கேட்காமல் சேர்த்துவிடுங்கள். பேரம் பேசாமல் பணத்தையும் கொடுங்கள்.