கடைசி பிளக்கை அங்க கொண்டுபோய் வெச்ச மகராசன் யாரு?

"ஸ்பார்க் பிளக் மாத்துறதெல்லாம் அரை மணி நேர வேலைங்க, கழட்டி மாட்டினா முடிஞ்சுது"ன்னு வாய் கூசாம சொல்றவங்க, வி8 (பக்கத்துக்கு நாலா எட்டு சிலிண்டர் இன்ஜின்) பிக்கப் டிரக்கோட பானெட்டை ஒரு தடவை திறந்து பார்த்துட்டுப் பேசட்டும். முன்னாடி இருக்கிற ஆறு பிளக் சரி, அரை மணி நேரம்தான். ரெண்டு பக்கமும் கடைசியில ஒண்ணு ஒண்ணு இருக்கே, அது? இன்ஜினோட பின்பாதி ஃபயர்வாலுக்கு, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்புக்கு, அடியில பதுங்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. கை நுழைஞ்சா ராட்செட் (திருப்புற ஸ்பேனர்) நுழையாது, ரெண்டும் நுழைஞ்சா திருப்ப இடம் இருக்காது. தேய்ஞ்சா மாத்தியே ஆகணும்னு தெரிஞ்ச சாமானைப் போய் யாராவது அங்க வைப்பாங்களா? ராம் டிரக்குல வர்ற 5.7 லிட்டர் ஹெமி இன்ஜின் வெச்சிருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். சிலிண்டருக்கு ரெண்டு, மொத்தம் 16 பிளக்!

பிளக் கிட்ட போறதுக்கு முன்னாடியே முதல் கண்டம் வந்துடும், பிளக்குக்குக் கரண்ட் குடுக்க மேல உட்கார்ந்திருக்கிற காயிலோட கனெக்டர். வருஷக்கணக்கா சூட்டுல வெந்த பிளாஸ்டிக் லாக், விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி ஒடியும். கனெக்டரை முதல்ல உள்பக்கமா தள்ளிக்கிட்டு லாக்கை அழுத்துங்க, அப்புறம் இழுங்க. வயரைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. போல்ட்டைக் கழட்டினதும் காயிலை இப்படியும் அப்படியும் லேசா திருகிட்டுத் தூக்கணும். இல்லைன்னா காயிலோட ரப்பர் உறை (பூட்) பாதி கிழிஞ்சு, பிளக் இருக்கிற குழிக்குள்ளயே நின்னுக்கும்.

காயில் வந்தாச்சுன்னு உடனே சாக்கெட்டை விடுறவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது. அந்தக் குழிக்குள்ள மண்ணும் துருவும் சேர்ந்திருக்கும். காத்தடிச்சு ஊதாம பிளக்கைக் கழட்டினா அத்தனையும் நேரா சிலிண்டருக்குள்ளதான் விழும். குழியில ஆயில் நின்னா ஆயில் கசியாம தடுக்கிற வால்வ் கவர் கேஸ்கட் போயிடுச்சுன்னு அர்த்தம். அதை விட்டுட்டுப் புது பிளக் போட்டுப் பிரயோஜனமே இல்லை. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும். பிளக் மாட்டியிருக்கிற அலுமினியம் சிலிண்டர் ஹெட்டுல சூட்டோட கழட்டினா மரை பிய்ஞ்சு பிளக்கோடயே வந்துடும்.

இப்ப வயித்தெரிச்சல் விஷயத்துக்கு வர்றேன். 2004-லிருந்து 2008 வரைக்கும் வந்த ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூணு வால்வ் இருக்கிற டிரைட்டன் இன்ஜின். அதுல வந்த பிளக் ஒரே துண்டு கிடையாது, ரெண்டு துண்டைச் சேர்த்து அமுக்கினது. அடியில நீளமா ஒரு குழாய். அந்தக் குழாயைச் சுத்திக் கரி இறுகிடும். நீங்க திருப்பத் திருப்ப மேல்பாதி கையோட வரும், கீழ்பாதி ஹெட்டுலயே தங்கிடும். அதை எடுக்கத் தனியா ஒரு கருவி வாங்கணும்! தப்பிக்க ஒரே வழி பொறுமைதான். கால் சுத்துக்கு மேல போகாம லேசா இளக்கி, குழியில கார்புரேட்டர் கிளீனர் விட்டு, குறைஞ்சது 15 நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் முன்னயும் பின்னயுமா கொஞ்சம் கொஞ்சமா திருப்பி எடுக்கணும். அதுக்கு முந்தின ரெண்டு வால்வ் டிரைட்டன்ல தலைகீழ் கூத்து. ஹெட்டுல பிடிமானத்துக்கு மரையே போதாம, பிளக் தானா பிடுங்கிக்கிட்டு வெளியே பறக்கும். ஒண்ணு வர மாட்டேங்குது, ஒண்ணு நிக்க மாட்டேங்குது.

மாட்டும்போது "நல்லா இறுக்கு"ன்னு கத்துற ஆளைப் பக்கத்துல சேர்க்காதீங்க. பிளக் மேல்முனையில ஒரு ரப்பர் டியூபைச் செருகி, டியூபை விரலால திருப்பி மரையைப் பிடிக்க வையுங்க. மரை மாறி ஏறினா டியூப் வழுக்கிடும். ராட்செட் வழுக்காது, ஹெட்டைத் தின்னுட்டுத்தான் நிக்கும். அலுமினியம் ஹெட்டுல வாஷர் வெச்ச 14 மிமீ பிளக்குக்குப் பொதுவா 25-லிருந்து 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லையா, கையால உட்கார்ந்ததும் அரைச் சுத்து, மிஞ்சினா முக்கால் சுத்துக்கு உள்ள. வாஷர் இல்லாத கூம்பு வகைன்னா பதினாறுல ஒரு சுத்து போதும், அவ்வளவுதான். உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. மரை இறுகிப் பிடிக்காம இருக்கப் பூசுற ஆன்டி சீஸ் பசையை மரை முழுக்க அப்புறது இன்னொரு வியாதி. மரை வழுக்கும், ரெஞ்ச் அதே அளவைத்தான் காட்டும், நீங்க அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீங்க. முலாம் பூசின பிளக்குக்கு அது தேவையே இல்லை. அந்த மூணு வால்வ் டிரைட்டன் மட்டும் விதிவிலக்கு, அதுலயும் கீழ்க்குழாய்க்கு மட்டும் நிக்கல் கலந்தது, மரைக்கு இல்லை.

கீழ விழுந்த பிளக்கைத் துடைச்சு மாட்டாதீங்க. உள்ள பீங்கான் விரிசல் விட்டிருந்தா வெளியே தெரியாது. இரிடியம் பிளக்குல கேப் (ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) பார்க்கிறேன்னு காசு மாதிரி இருக்கிற கேஜை நடு முனையில வெச்சு நெம்பினா அந்த ஊசி முனை ஒடியும். கம்பி கேஜ் போதும்.

எல்லாம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் உதறும், ஸ்கேனர் பி0304ன்னு காட்டும், அதாவது நாலாவது சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம். நாலாவது சிலிண்டர் எதுன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிரைவர் சீட்ல உட்கார்ந்து பார்த்தா, ஃபோர்டு வி8-ல வலது பக்கம் கடைசி, செவர்லே சில்வராடோல வலது பக்கம் முன்னாடியிருந்து ரெண்டாவது. அது தெரியாம நல்லா இருக்கிற காயிலைக் கழட்டிக்கிட்டு இருப்பாங்க. முதல்ல அந்த சிலிண்டர் காயிலோட கனெக்டர் 'டிக்'குன்னு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. செக் இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிஞ்சா, ஓட்டிப் பார்த்தா சரியாயிடும்னு கிளம்பாதீங்க. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதையும் உருக்கிடும். அப்புறம் பிளக் செலவெல்லாம் ஒரு செலவாவே தெரியாது.