பல்லைக் காட்டிய பாவம்

போன வாரம் நான் கடலுக்கடியில் எடுத்துப் போட்ட சுறாப் படத்துக்கு வந்த கமெண்டுகளில் பாதி ஒரே ரகம். "பிள்ளைகுட்டிக்காரன் செய்யற வேலையா இது?" என்று ஒருவர். "இன்சூரன்ஸ் கட்டியிருக்கீங்களா அண்ணே?" என்று இன்னொருவர். அம்மா மட்டும் தூத்துக்குடியிலிருந்து வாட்ஸப்பில் கூப்பிட்டு, "இது பால்சுறா மாதிரி தெரியலையே, புட்டுக்கு ஆகாதே" என்றாள்.

படத்தில் இருப்பது கிரே நர்ஸ் சுறா. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாயை மூடினாலும் உள்ளே அடங்காத பற்கள், ஆணி டப்பாவைக் கவிழ்த்துப்போட்ட மாதிரி. எல்லாரும் பார்த்தது அந்தப் பல்லைத்தான். நான் படம் எடுத்தது வேறு ஒன்றுக்காக. வாயின் இடது ஓரத்தில், பெரிதாக்கிப் பாருங்கள், துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று குத்தி நிற்கிறது. அதிலிருந்து ஒரு முழ நைலான் நரம்பு தொங்குகிறது. நரம்பு முழுக்கப் பச்சையாகப் பாசி. பாசி படரும் அளவுக்குப் பல நாளாக அந்த முள்ளோடுதான் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

இடம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் சவுத் வெஸ்ட் ராக்ஸ் என்கிற ஊர். சிட்னியிலிருந்து வடக்கே காரில் ஐந்து மணி நேரம். மக்லே ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டிப் படகு போகும். அங்கே அலை தூக்கிப் போடுகிற வேகத்தில் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. அப்புறம் ஃபிஷ் ராக். நடுக்கடலில் ஒற்றைப் பாறை. அதன் அடிவயிற்றை 125 மீட்டர் நீளத்துக்கு ஒரு குகை துளைத்துக்கொண்டு போகிறது. ஒரு வாசல் சுமார் 24 மீட்டர் ஆழத்தில், மறு வாசல் 12 மீட்டரில். நடுவில் டார்ச் இல்லாவிட்டால் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

இந்தக் கடற்கரையே ஒரு கலப்படம். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தெற்கின் குளிர்நீர் இனங்களும் இங்கேயே இருக்கின்றன. பவளமும் கடற்பாசியும் பக்கத்துப் பக்கத்து வீடு. இன்னும் வடக்கே போனால், 1770-ல் கேப்டன் குக் சாலிட்டரி தீவுகள் என்று பெயர் வைத்துவிட்டுப் போன இடம். தனிமைத் தீவுகளாம்! வட தீவின் அனிமோன் பே-யில் இறங்கிப் பாருங்கள், கடல் சாமந்திகளும் கோமாளி மீன்களும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கின்றன. பைரன் பே பக்கத்து ஜூலியன் ராக்ஸில் கோடையில் சிறுத்தைச் சுறா, குளிர்காலத்தில் கிரே நர்ஸ். ஒரே பாறைக்கு இரண்டு ஷிப்ட்.

சரி, சுறாவுக்கு வருகிறேன்.

மற்ற மீன்களுக்கு இருக்கிற காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்க வேண்டியதுதான். இந்தக் கிரே நர்ஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொண்டு இறங்குகிறது. அப்புறம் பாறை இடுக்கில் ஏறாமலும் இறங்காமலும் அப்படியே தொங்கி நிற்கும். நான் டைவிங் ஜாக்கெட்டில் காற்றடித்தும் விட்டும் தட்டுத்தடுமாறிச் செய்கிற அதே வேலை. அந்த மெல்லிய, வளைந்த பற்கள் வழுக்கிப் போகிற மீனைக் குத்திப் பிடிக்க வந்தவை, ஆளை அறுப்பதற்கு இல்லை. நாம் வழியை அடைத்துக்கொண்டு நிற்காதவரை நம்மைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் மூஞ்சி அப்படி. அந்த மூஞ்சிக்காகவே செத்தது. வேறு சுறாக்கள் கடித்ததற்கெல்லாம் பழி இதன் மேல் விழுந்தது. 1950, 60-களில் ஈட்டி முனையில் தோட்டா வைத்து, அசையாமல் நின்ற மீனைச் சுட்டுக் கரையில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். 1984-ல் இந்தக் கரை இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. போனது சீக்கிரம் திரும்பவும் வராது. தாய்க்கு இரண்டு கருப்பை. ஒவ்வொன்றிலும் முதலில் வளர்கிற குட்டி கூடப் பிறக்க வேண்டியவற்றைத் தின்றுவிடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் இரண்டே குட்டி. கிழக்குக் கரை முழுக்க வளர்ந்தவை இன்று ஏறக்குறைய 2,000 என்கிறது கணக்கு. எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா மண்டபங்களில் மூன்று நான்கை நிரப்பலாம், அவ்வளவுதான்.

அந்தத் தமிழ்ப் பள்ளி வாசலில்தான் இந்தப் பதிவே தொடங்கியது. ஒரு நண்பர் சொன்னார், "நாங்க வலை கட்டின பீச்சுக்கு மட்டும்தான் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவோம்." நியூகாசில் முதல் வொல்லங்காங் வரை 51 கடற்கரைகளில் சுறா வலை போடுகிறார்கள். 1937-ல் தொடங்கிய ஏற்பாடு. அவர் மனதில் இருப்பது கரையை அடைத்து நிற்கிற வேலி. முக்கால்வாசிப் பேர் மனதில் அதுதான் இருக்கிறது.

எங்கள் மாமா ஒருத்தர் திரேஸ்புரத்தில் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். போன வருடம் இங்கே வந்திருந்தபோது போனில் அந்த வலையின் படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான். "ஏலே, இது வேலி இல்ல, வலை. நாங்க திருக்கைக்குப் போடுற மாதிரி." சரியாகச் சொன்னார். 150 மீட்டர் நீளம், ஆறு மீட்டர் உயரம். சிட்னியின் போண்டை கடற்கரையின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சுறா மேலே போகலாம், கீழே போகலாம், சுற்றிக்கொண்டும் போகலாம். வலையின் வேலை தடுப்பது அல்ல, பிடித்துக் கொல்வது. வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றுக்காக விரிக்கிறார்கள். மாட்டுவதில் பெரும்பாலானவை வேறு: திருக்கை, ஆமை, ஓங்கில் (டால்பின்), அப்புறம் நம்ம கிரே நர்ஸ். ஒரு கையால் சட்டம் போட்டுக் காப்பாற்றி, மறு கையால் வலை போட்டுக் கொல்கிற வேலை எனக்குப் புரியவில்லை.

வலையை எடுங்கள் என்பதுதான் என் கட்சி. உயிர் போன வீட்டில் போய் இதைச் சொல்வாயா என்று கேட்பீர்கள். 2022 பிப்ரவரியில் லிட்டில் பே-யில் நீந்திக்கொண்டிருந்த ஒருவர் வெள்ளைச் சுறாவிடம் உயிரிழந்தார்; 1963-க்குப் பிறகு சிட்னியில் அது முதல் முறை. அந்த வாரம் நானும் தண்ணீரில் இறங்கவில்லை. எனக்கும் பயம் உண்டு. ஆனால் பயத்துக்கு மருந்து வேண்டுமென்றால் டிரோன் இருக்கிறது, அடையாளக் கருவி பொருத்திய சுறா கரைப்பக்கம் வந்தால் எச்சரிக்கிற மிதவைகள் இருக்கின்றன. இந்த அரசாங்கமே அவற்றையும் வைத்திருக்கிறது. வலை தருவது கடலில் இல்லாத ஒரு வேலி மனதில் இருக்கிற நிம்மதி. அதற்கு ஆமையும் ஓங்கிலும் உயிரைக் கொடுப்பது நியாயமில்லை.

முள் குத்திய அந்தச் சுறாவின் படத்தை மீன்வளத் துறைக்கு அனுப்பியிருக்கிறேன். ஜூலையில் திரும்பவும் போகிறோம், காரில் இரண்டு இடம் இருக்கிறது. டைவிங் சான்றிதழ் கட்டாயம். இஞ்சி மிட்டாயும் கொண்டுவாருங்கள், முகத்துவாரம் தாண்டும்போது தேவைப்படும்.