கடிகாரம் ஓடுகிறது, வார் உதிர்கிறது

வைகாசி முகூர்த்தத்துக்காக ஒரு மணப்பெண்ணின் ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தேன். சந்தன நிறப் பட்டு. கைவிளிம்பை மடித்து இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தபோது, மடிப்பின் மேல் மிளகுத்தூள் சிந்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. தட்டினேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், பட்டிழைதான் எழுந்து வந்தது. என் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த பிறகே விளங்கிற்று. கைக்கடிகாரத்தின் வாரிலிருந்து உதிர்ந்த செதில்கள் சூட்டில் இளகிப் பட்டோடு ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையை முழுவதுமாகப் பிரித்து, அதே நிறத்துப் பட்டைத் தேடி ஈப்போ வரை போய் வாங்கி வந்து, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுபடியும் தைத்துக் கொடுத்தேன். பட்டுக்கும் பேருந்துக்கும் ஆன செலவு அந்தக் கடிகாரத்தின் விலையைத் தாண்டிவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

விற்கும்போது அந்த வாரைத் தோல் என்றுதான் சொன்னார்கள். இருபது ஆண்டுகளாகத் துணியோடு வாழ்கிறவள் நான், வீட்டுக்கு வந்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு சன்னமான துணி, அதன் மேல் பாலியூரித்தேன் என்ற நெகிழிப் படலம், அந்தப் படலத்தில் தோலின் சுருக்கங்களைப் போல அச்சு. மலிவுக் கைப்பைகளும் காலணிகளும் அலமாரிக்குள் இருந்தபடியே உரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே சரக்குதான். காற்றின் ஈரமே அந்தப் படலத்தின் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் அது சாகும், வியர்வை பட்டால் இன்னும் விரைவில் சாகும். விடியற்காலைப் பனி, நண்பகல் வெயில், மாலை மழை என்று நாள் முழுவதும் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்தச் சரக்கை வாராக்கி விற்பது எந்த ஊர் நியாயம்?

சரி, வாரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டணத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு வார் தனியாகக் கிடைக்காது அக்கா, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்றார். காரணம் கேட்டபோது விரல் வைத்துக் காட்டினார். வாரைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கொம்புகளின் இடைவெளி வழக்கமான கடிகாரங்களில் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று ஏதோ ஓர் அளவில் இருக்கும், அந்த அளவுள்ள எந்த வாரும் அதில் பொருந்தும். என்னுடையதிலோ அந்த இடைவெளியின் இரு பக்கமும் அடைக்கப்பட்டு, நடுவில் 8 மில்லிமீட்டர் சந்து மட்டும் விடப்பட்டிருந்தது. அதற்கென்றே வெட்டிய வாரைத் தவிர வேறொன்றும் நுழையாது. உள்ளே இருக்கும் இயந்திரம் ஒரு மின்கலத்தில் இரண்டு ஆண்டுகள் பிசகாமல் ஓடுகிறது. அப்படிப்பட்ட பொருளை, ஒரு விரல் அகல நெகிழிப் பட்டைக்காகக் குப்பையில் போடச் சொல்கிறார்கள்! இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது வேர்வையோடு வேலை பார்த்திருப்பாரா?

என் வீட்டில் இது என் ஒருத்தியின் பாடு அன்று. என் கணவர் நிஜத் தோல் வார் ஒன்றை வாங்கினார். ஆலையில் ஒரு மழைக்காலம் வேலை செய்து முடிப்பதற்குள் அது பூசணம் பிடித்து, பக்கத்தில் உட்கார முடியாதபடி நாறியது. தோலில் குற்றம் இல்லை, வேர்வையைக் குடித்த தோல் காய்வதற்கு நாங்கள் இடைவெளியே கொடுப்பதில்லை. செம்பனைக் குலை வெட்டும் என் கொழுந்தனார் சிலிக்கோன் வார் கட்டினார். வெயிலுக்கும் வேர்வைக்கும் அது அசையவில்லை, ஆனால் ஒரு நாள் முள் கீறியதில் துளையருகே சின்ன வெட்டு விழுந்தது. சிலிக்கோனில் ஒரு முறை கீறல் விழுந்தால் அது நிற்காது, காகிதம் போல ஓடிவிடும். கடிகாரம் எந்த மட்டைக் குவியலுக்குள் போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. எஃகுச் சங்கிலி உறுதியானதுதான், ஆனால் மலிவானவற்றில் நிக்கல் கசிந்து சிலருக்குத் தோல் தடித்துப் போகிறது, என் தங்கையின் மணிக்கட்டில் அந்தத் தழும்பு இருக்கிறது.

ரப்பரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. இங்கிருந்து சிறிது தூரத்தில் கோலகங்சார் இருக்கிறது. 1877ஆம் ஆண்டு அங்கே நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. என் பாட்டி இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டியவர். இழுவைக்கும் கிழிசலுக்கும் இயற்கை ரப்பரைப் போலத் தாங்கும் பொருள்கள் குறைவு. காற்றிலுள்ள ஓசோன் தாக்கி வெடிப்பு விடுவதுதான் அதன் பலவீனம், அதற்கும் காப்புச் சரக்குகளைக் கலந்து கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வல்கனைஸ் முறை பல காலமாக இருக்கிறது. வேர்வை, எண்ணெய், வெயில் எதற்கும் மசியாத ஃபுளோரோ ரப்பர் வார்களும் வந்துவிட்டன, ஆனால் அவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டுவதில்லை. பால் வெட்டிய குடும்பத்துக்குக் கடைசியில் கிடைப்பதோ, உரியும் நெகிழி.

வார் என்பது கையைச் சுற்றி வரும் ஒரு நாடா, நாடாவை எனக்குத் தெரியும் என்று தையல் மேசையில் உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு 1973இல் தன் வீரர்களுக்காக வகுத்த நைலான் வாரின் அமைப்பைத்தான் முதலில் எடுத்துக்கொண்டேன். அது கடிகாரத்தின் அடியில் புகுந்து கொம்புகளுக்கிடையே வாரைப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங் கம்பிகளுக்கும் உள்ளே ஓடும் ஒற்றை நீளம், ஆகவே ஒரு கம்பி தெறித்தாலும் கடிகாரம் மற்றதில் தொங்கிக்கொண்டிருக்கும். கொழுந்தனாரின் கையில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அவருடைய கடிகாரம் தொலைந்திருக்காது. ஆனால் நைலானுக்குப் பதிலாக நான் பாலியஸ்டர் நாடாவைத் தேர்ந்தெடுத்தேன். நைலான் நம் காற்றில் தன் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவு ஈரத்தை இழுத்துக்கொண்டு சற்றே தளரும், பாலியஸ்டர் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும், கொடியில் போட்ட சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும்.

என் கடிகாரத்தின் 8 மில்லிமீட்டர் சந்துக்கு அகல நாடா நுழையாது. அதனால் அடியில் மணிக்கட்டில் படியும் அகலமான பட்டை ஒன்று, அதன் மேலே இரண்டு கண்ணிகளுக்குள் நுழைந்து கடிகாரத்தையும் தாங்கிச் செல்லும் குறுகிய நாடா ஒன்று என்று இரண்டாகப் பிரித்துத் தைத்தேன். துளைகளைக் கத்தரியால் குத்தாமல், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டேன். இழைகள் உருகித் துளையின் வாயைச் சுற்றி வளையமாக இறுகிவிட்டன. இனி அங்கே நூல் பிரியாது. இழுவை விழும் இடங்களில் இயந்திரத் தையலை நம்பவில்லை. அதில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத்தான் நிற்கின்றன, ஒரு நூல் தேய்ந்தால் வரிசையே தளர்கிறது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரு துளைக்குள் இரு பக்கமிருந்தும் செலுத்தித் தைத்தால், ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உழைக்கிறவர்கள் கையில் அழகாக ஒன்றும் கட்டக்கூடாதா? அகலப் பட்டையின் மேற்புறத்தில், தோலைத் தொடாத பக்கத்தில், ரவிக்கைகளுக்கு வாங்கிய கரையில் மிஞ்சிய துண்டை வைத்தேன். அரக்குச் சிவப்பில் மயில்கழுத்து நிறக் கோடு. ஜரிகையை வேண்டுமென்றே தவிர்த்தேன், மேசை விளிம்பில் உரசி உரசி அது ஒரு மாதத்தில் மயிர்விட்டுப் போகும். நூலால் நெய்த கரை அப்படிப் போகாது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் காய்கறி எடைபோட்டுக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு சிற்றூர்த் தையற்காரி மூன்று மாலைப் பொழுதுகளில், மிச்சத் துணியில் செய்து முடித்த வேலை இது. தொழிற்சாலையும் இயந்திரமும் பொறியாளர்களும் வைத்திருப்பவர்களால் ஏன் முடியவில்லை? கொம்புகளின் இடைவெளியைப் பொது அளவில் விடுங்கள். வாரின் பின்புறத்தில் அது தோலா, நெகிழியா, என்ன சரக்கு என்று அச்சிடுங்கள். கடிகாரம் விற்கும் நாளிலேயே மாற்று வாரையும் கடையில் வையுங்கள்.

இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா தம் மகனுடைய கடிகாரத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடிகளை எண்ணும் வகை. அதில் கம்பியும் இல்லை, கொம்பும் இல்லை, சொந்தப் பூட்டு ஒன்று இருக்கிறது. வார் அந்தப் பூட்டருகே பாதி கிழிந்து தொங்குகிறது. என் ஊசி நுழைய அதில் இடமே விடப்படவில்லை.