கஸ்டர்டில் விழுந்த காது

'பிரெய்ன்டெட்' படத்தை யாருக்காவது சிபாரிசு செய்தால் இரண்டு நாள் கழித்து ஒரு மெசேஜ் வரும். "உனக்கு மண்டையில ஏதாவது பிரச்சினையா?" என்ற ரகம். இதுவரை வந்த வசவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதிவிடுகிறேன். கதை முழுவதும் கீழே வரும். 1992இல் வந்த படம், இனிமேல் என்ன ரகசியம்.

நியூசிலாந்துப் படம். செத்தவர்கள் எழுந்து வந்து கடிக்கும் பேய் நகைச்சுவை. இயக்கம் பீட்டர் ஜாக்சன். ஆமாம், அதே ஜாக்சன்தான். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்து, மூன்றாம் பாகத்துக்கு 11 ஆஸ்கர் வாங்கியவர், அதற்குப் பத்து வருஷம் முன்பு வெலிங்டனில் ஒரு வீட்டுக் கூடத்தைச் செயற்கை ரத்தத்தால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சிக்கு மட்டும் 300 லிட்டர் என்பார்கள். புல்வெட்டும் இயந்திரத்தைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு கதாநாயகன் பிணக்கூட்டத்துக்குள் நடந்து போகும் காட்சி அது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். நானும் கல்லூரிக் காலத்தில் முதல் முறை பார்த்தபோது அதைத்தான் பேசினேன்.

இப்போது எனக்கு அது சுமாராகத்தான் தெரிகிறது. அந்த அளவு ரத்தம் ஓடினால் கண் பழகிவிடுகிறது. பத்தாவது கை பறக்கும்போது கொட்டாவி வருகிறது. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது சாப்பாட்டு மேஜைக் காட்சியைப் பற்றி.

கதை நடப்பது 1957இல். லயனல் என்று ஒரு பயந்த பிள்ளை, வீரா என்று அவனை ஆட்டிவைக்கும் அம்மா, பெரிய வீடு. மகன் பக்கீட்டா என்ற பெண்ணுடன் மிருகக்காட்சிசாலைக்குப் போகிறான். அம்மா பின்னாலேயே வேவு பார்க்கப் போகிறாள். அங்கே கூண்டில் இருக்கும் எலிக்குரங்கு ஒன்று அவளைக் கடித்துவிடுகிறது. (அந்தப் பிராணியைப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்திருக்கிறார்கள். பார்த்தாலே பொம்மை என்று தெரியும். தெரிந்தும் எனக்குப் பிடிக்கும்.) கடி பட்டதிலிருந்து அம்மாவின் உடம்பு உயிரோடு இருக்கும்போதே அழுக ஆரம்பிக்கிறது.

அன்றைக்குப் பார்த்து வீட்டுக்கு விருந்தாளிகள். ஊரில் கௌரவமான தம்பதி. அம்மாவுக்கு அவர்கள் முன்னால் மானம் போகக் கூடாது. கன்னத்தில் தோல் உரிந்து தொங்குகிறது. மகன் பசை எடுத்து வந்து ஒட்டுகிறான். அழுத்திப் பிடித்து, காயும்வரை காத்திருக்கிறான். பிறகு எல்லோரும் மேஜைக்கு வருகிறார்கள். கஸ்டர்ட் பரிமாறப்படுகிறது. அம்மாவின் காயத்திலிருந்து ஏதோ பீய்ச்சியடித்து எதிரே இருப்பவர் கிண்ணத்தில் விழுகிறது. மனிதர் கவனிக்கவில்லை. ரசித்து ருசித்துச் சாப்பிடுகிறார். அடுத்து அம்மாவின் காது கழன்று அவள் கிண்ணத்திலேயே விழுகிறது. அதை அவள் கரண்டியில் எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்குகிறாள்.

இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. எதனால் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

சீழினால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. சீழைத் தனியாகக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். அந்த மேஜையில் யாரும் எதுவும் சொல்லாமல் மரியாதையாக உட்கார்ந்திருப்பதுதான் சிரிப்பு. மகன் கண்ணில் மட்டும் பீதி. விருந்து ஒழுங்காக முடியவேண்டும், அம்மா முகம் வாடக் கூடாது, வந்தவர்களுக்குத் தெரியக் கூடாது. உடம்பு ஒரு பக்கம் கழன்று விழ, நாகரிகம் அதைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. பேய் நகைச்சுவை என்று வரும் பல படங்களில் இந்த இரண்டாவது பாதி கிடையாது. பத்து நிமிஷம் கதவு கிரீச்சிடும், பத்து நிமிஷம் யாராவது குசு விடுவார்கள். பயம் தனிப் பந்தி, சிரிப்பு தனிப் பந்தி. இரண்டும் ஒரே இலையில் விழுந்தால்தானே கலவை?

அருவருப்பைக் கீழ்த்தரமான ரசனை என்று ஒதுக்குகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகள் சொல்கிறது, அதாவது உடம்பில் வெளிப்படும் எட்டு உணர்ச்சிகள். நகையும் அச்சமும் இருக்கிற அதே வரிசையில் இளிவரலும், அதாவது அருவருப்பும், இருக்கிறது. அந்த இளிவரல் எதிலிருந்து பிறக்கும் என்று சொல்லும்போது முதலில் வருவது மூப்பு, அடுத்தது பிணி. பேயும் இல்லை, பிணமும் இல்லை. வயதான உடம்பும் நோயுற்ற உடம்பும். அப்புறம் கலிங்கத்துப்பரணி இருக்கவே இருக்கிறது. போர்க்களத்தில் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, மதநீரை எண்ணெயாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பிணக்கூழ் சமைத்துக் குடிக்கின்றன. ஜெயங்கொண்டார் அதை விருந்து உபசாரம் மாதிரியே பாடியிருக்கிறார். அங்கேயும் நம்மைச் சிரிக்க வைப்பது அந்த உபசாரம்தான். ஜாக்சனுக்குக் கிட்டத்தட்ட 880 வருஷம் முன்பே நம் ஆள் இதைச் செய்துவிட்டார் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசைதான்.

இரண்டாம் முறை பார்த்தது அப்பா படுக்கையில் விழுந்த பிறகு. பாதியில் நிறுத்திவிட்டேன். பசை ஒட்டும் இடம் வந்ததும் கை தானாக ரிமோட்டுக்குப் போனது.

எட்டு மாதம் நானும் தம்பியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, புண்ணுக்கு மருந்து போட்டு மைக்ரோபோர் டேப் ஒட்டுவது. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் வீடே மேடை ஏற்பாடு மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திற, விரிப்பை மாற்று, வாசனை அடி, யூரின் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. ஒருநாள் மாமா ஒருவர் வந்தார். கட்டில் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை ஆட்டி ஆட்டி ஒரு மணி நேரம் பேசினார். கால் ஒவ்வொரு முறையும் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டு வந்தது. நானும் தம்பியும் அவர் முகத்தைப் பார்ப்போம், காலைப் பார்ப்போம். சொல்லவும் முடியாது. அப்பா பேச்சிழந்து படுத்திருந்தவர். அவர்தான் முதலில் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. தன்னைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று மாமா இன்னும் உற்சாகமாகக் காலை ஆட்டினார்.

(மாமா முகநூலில் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.)

போன மாதம் தம்பி வந்திருந்தபோது மூன்றாம் முறை பார்த்தோம். இந்தத் தடவை படம் எனக்கு முழுக்க வேறாகத் தெரிந்தது. லயனல் செய்கிற வேலைகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். தோலை ஒட்டுகிறான். பக்கீட்டாவின் நாயை அம்மா தின்றுவிட்டாள் என்றதும், முழுதாகத் தின்னவில்லையே என்று சமாதானம் சொல்கிறான். அம்மா செத்து எழுந்த பிறகும் நிலவறையில் வைத்து மயக்க மருந்து ஏற்றுகிறான். கடிபட்டு அப்படியே ஆன மற்றவர்களையும் மேஜையில் உட்கார வைத்து உணவு ஊட்டுகிறான். பிணக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குக்கூடக் கூட்டிப்போகிறான். அது அவனைப் படுத்தும் பாட்டில் அவன் அதைப் போட்டு உதைக்க, சுற்றி இருக்கும் தாய்மார்கள் வாயடைத்துப் பார்க்கிறார்கள். பேய்ப் பட நாயகன் தப்பித்து ஓடுவான். இவன் ஓடவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பணிவிடை செய்கிறான்.

முடிவு வேறு இருக்கிறது. லயனலின் அப்பா எப்படி இறந்தார் என்பதில் அம்மா இத்தனை வருஷம் பொய் சொல்லி வந்திருக்கிறாள், கொன்றதே அவள்தான். அது வெளிப்பட்டதும் ராட்சத உருவாகி நிற்கும் அம்மா, தன் வயிற்றைத் திறந்து மகனை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். அவன் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விழுகிறான். அதை வெறும் கோரம் என்று எப்படிச் சொல்வது? அம்மா பிள்ளையை விடமாட்டாள் என்பதை இத்தனை பச்சையாகச் சொன்ன இடம் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கௌரவமான நாடகமாக எடுத்திருந்தால் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள்.

குறை இல்லாத படம் இல்லை. சண்டை போடும் பாதிரியார் முதல் தடவைக்குச் சிரிப்பு, அதோடு சரி. லயனலின் மாமன் பாத்திரம் ஒரே சுருதி. கடைசி அரை மணி நேரத்தில் பத்து நிமிஷம் வெட்டியிருக்கலாம்.

ஆனால் வெட்டுவதென்றால் அமெரிக்காவில் வெட்டிய மாதிரி இல்லை. அங்கே 'டெட் அலைவ்' என்று பெயர் மாற்றி விட்டார்கள். அதில் 'ஆர்' என்ற தணிக்கைச் சான்றிதழுக்காகக் கத்தரித்த ஒரு பிரதி 85 நிமிஷம்தான் ஓடும். கைக்கு அதுதான் கிடைத்தது என்றால் பார்க்காமலே இருந்துவிடுங்கள். முழுப் படம் 104 நிமிஷம். சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

பசை காட்சி வந்தபோது இந்த முறையும் ரிமோட்டைப் பார்த்தேன். தம்பி கையில் இருந்தது. அவன் நிறுத்தினான். திரையில் லயனல் அம்மாவின் கன்னத்தை அழுத்திப் பிடித்தபடி உறைந்து நின்றான்.

"நம்ம மைக்ரோபோர் டேப்பே தேவலை அண்ணா, இவ்ளோ நேரம் பிடிக்கவேணாம்" என்றான்.

அப்புறம் ஓடவிட்டான்.