தர்மன் சண்முகரத்னம் பிறந்தது யாழ்ப்பாணத்தில் அல்ல

தர்மன் சண்முகரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் பிரதமரானவர் என்று ஒரு தகவல் வெள்ளவத்தையில் கைபேசிக்குக் கைபேசி பரவுகிறது; இரண்டுமே பிழை. அவர் 1957 பெப்ரவரி 25 அன்று சிங்கப்பூரில் பிறந்தவர். இலங்கைத் தமிழ் வழித்தோன்றல் என்ற அளவில் நாம் பெருமைப்படுவது நியாயமே. 2007 டிசெம்பரில் நிதியமைச்சரான அவர், அப்பொறுப்பை 2015 வரை வகித்தபடியே 2011 மே மாதத்தில் துணைப் பிரதமராகி, 2019 வரை அப்பதவியில் நீடித்தார். பிரதமராக ஒருபோதும் இருந்ததில்லை. 2023இல் 70.4 சதவீத வாக்குகளுடன் சனாதிபதியாகத் தெரிவானார் என்றாலும், அங்கே அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமரே என்பதால், நமது நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதிப் பதவியோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் சின்னத்தம்பி இராசரத்தினம். அதுவும் 1915இல், அதே பெப்ரவரி 25 அன்று. அவரும் 1980 முதல் 1985 வரை சிங்கப்பூரின் இரண்டாம் துணைப் பிரதமராக இருந்தார். இருவரின் வரலாறும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்றே கருதுகிறேன்.