விலையை எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: உணவகத்தில் உட்காராதே, தெருவில் சாப்பிடு, காசு மிச்சமாகும். சரிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரின் பல்லாரோ சந்தையில் சுற்றுலாக்காரர்கள் அதிகம் நடமாடும் பக்கம் எத்தனையோ தின்பண்டக் கடைகளில் விலைப் பலகையே கிடையாது. அதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

நடப்பது இதுதான். பொரித்த நெத்திலி, ஆக்டோபஸ், இறால், கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த கப்போனாதா எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். நீங்கள் நின்று பார்த்தாலே போதும், ஒரு துண்டை நீட்டி ருசி பார்க்கச் சொல்வார்கள், அதை மெல்லுவதற்குள் காகிதத் தட்டு ஒன்று எடுத்தாகிவிடும், கொஞ்சம் போதும் என்று கையைக் காட்டக் காட்ட மேலே மேலே விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் தட்டு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் விலை வாயிலிருந்து வரும். என்னிடம் கேட்டது 18 யூரோ. ஒரு ஆளுக்கு! நின்றபடி, பிளாஸ்டிக் முள்கரண்டியால், பாதி ஆறிப்போன பொரியலைச் சாப்பிடுவதற்கு! ரசீது கேட்டால் காது கேட்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்.

இரண்டு பேராகப் போனால் அந்தத் தொகையைப் பிரித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் "வேண்டாம், வா போகலாம்" என்று ஒருத்தர் கையைப் பிடித்து இழுக்கவாவது செய்வார். தனியாக நிற்கிறவருக்கு அதுவும் கிடையாது, அது அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். முதுகுப்பை மாட்டிக்கொண்டு தனியே வருகிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக மட்டும் இல்லை. இந்த ஊர்த் தெருச் சாப்பாடு முழுக்க இல்லாதவர்களுடைய சாப்பாடு. பனெல்லே என்றால் என்ன? கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் களியாகக் கிண்டி, மெல்லிசாகப் பரப்பி, வெட்டி எண்ணெயில் போட்டு எடுப்பது, அதை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது, அவ்வளவுதான். பானி கா மெவுசா இன்னும் ஒரு படி மேலே. வசதியானவர்கள் தொடாத மாட்டு மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, பன்றிக் கொழுப்பில் வதக்கி, எலுமிச்சை பிழிந்து ரொட்டியில் அடைத்தது. ஸ்டிக்கியோலா என்பது வெங்காயத்தாளைச் சுற்றிய ஆட்டுக் குடல், கரி அடுப்பில் புகை கிளம்பச் சுடுவார்கள். ஸ்பின்ச்சோனே என்ற தடித்த ரொட்டியின் மேல் வெங்காயமும் தக்காளியும் நெத்திலியும் ரொட்டித் தூளும் இருக்கும், அது நம்மூரில் ஓடுகிற அதே பியாஜியோ ஆப்பே மூன்று சக்கர வண்டியில் தெருத் தெருவாக வரும். கூலிக்காரர் சில்லறையைக் கொடுத்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வேலைக்குத் திரும்புவதற்காக உருவான சாப்பாடு இது. அதன் பெயரைச் சொல்லியே ஒருத்தர் பையைக் காலி செய்வது அநியாயம்.

"அங்கே சந்தை வழக்கமே அப்படித்தான், பேசித்தான் வாங்கணும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பொய். அதே பல்லாரோவில் காய்கறிக் கடைகளைப் பாருங்கள், தக்காளி, கத்தரிக்காய், கூனைப்பூ என்று ஒவ்வொரு குவியலிலும் அட்டையில் விலையைக் கொட்டை எழுத்தில் எழுதிச் செருகி வைத்திருக்கிறார்கள். தக்காளியை வாங்குவது உள்ளூர்க்காரர், அதனால் அதற்கு விலை எழுதப்படுகிறது, தட்டை வாங்குவது வெளியூர்க்காரர், அதனால் எழுதப்படுவதில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. விற்பனைக்கு வைத்த பொருளில் விலை தெரியும்படி இருக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் இத்தாலிய வணிகச் சட்டமே சொல்கிறது. எழுத ஒரு அட்டையும் பேனாவும் போதும்.

உணவகங்களைத் திட்டுகிறவர்கள் நிறைய. கோபெர்தோ என்று தட்டு வைத்ததற்கே தலைக்கு ஒரு தொகை வாங்குகிறார்கள், சில பதார்த்தங்களை இரண்டு பேருக்குக் குறைந்து தர மாட்டார்கள். தனி ஆளுக்கு எரிச்சல்தான், ஆனால் மெனுவில் அச்சடித்திருக்கிறதே! படித்துவிட்டு எழுந்து போக எனக்கு உரிமை இருக்கிறது.

பல்லாரோவைச் சுற்றி இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் பல காலமாக வாழ்கிறார்கள், மோந்தே பெல்லெக்ரினோ மலை மேல் இருக்கும் சாந்தா ரோசாலியா என்ற புனிதையிடம் விரும்பிப் போகிறவர்கள். அங்கே ஒரு கடையில் நின்ற அண்ணா ஒருவரிடம் புலம்பியபோது அவர் சொன்னார்: "முதல்ல விலையைக் கேட்டுப்போட்டுக் கையை நீட்டுங்கோ. தட்டை வாங்கின பிறகு ஒண்டும் செய்யேலாது. உள்ளுக்குப் போங்கோ, அங்க இவங்கட ஆக்களே நிண்டு சாப்பிடுவினம்." போனேன். பனெல்லே வைத்த ரொட்டி, சுடச்சுட, சில யூரோ நாணயங்களுக்கு. அங்கே விலையைப் பலகையில் எழுதியிருந்தார்கள்!

ரெனாத்தோ குத்தூசோ 1974இல் ஓவியமாகத் தீட்டிய, இதே ஊரின் வுச்சிரியா சந்தைக்கு இப்போது போய்ப் பாருங்கள். மீனும் இறைச்சியும் காய்கறியும் குவிந்து கிடந்த இடத்தில் காய்கறி வாங்க வருகிற வீட்டுக்காரர்கள் குறைந்துபோய், ராத்திரிக் குடிக்கும் கூட்டமும் சுற்றுலாத் தட்டுகளும்தான் மிஞ்சியிருக்கின்றன. பல்லாரோவும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் வெளியூர்க்காரரிடம் ஒரு தட்டுக்கு 18 யூரோ வாங்க முடிகிற இடத்தில் மண்ணீரல் ரொட்டியை ஊர்க்காரருக்கு மலிவாக விற்க யார் மெனக்கெடுவார்கள்?

"போனால் போகட்டும், விடுமுறையில் இதற்கெல்லாம் கத்துவதா" என்று சொல்லாதீர்கள். மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்து, மலிவான படுக்கை தேடி, ஒவ்வொரு யூரோவையும் எண்ணித்தான் தனியாக வருகிறோம். விலை சொல்லாத கடையில் தட்டை வாங்காதீர்கள், கையில் திணித்தால் அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.