மதியச் சுடுதண்ணீருக்கு போர்வெல் காரணமில்லை

"மதியம் குழாயில் சுடுதண்ணீர் வர பூமிச் சூடுதான் காரணம், போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தினால் சில்லென்று வரும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. தயவுசெய்து இதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பத்து, பதினைந்து மீட்டருக்குக் கீழே வெயிலும் குளிரும் எட்டாது. அங்கே வெப்பம் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கும் கீழே போனால் பொதுவாக 100 மீட்டருக்கு 2.5 முதல் 3 டிகிரி வரை கூடும், குறையாது.

சூடு ஏறுவது மொட்டைமாடியில். குழாயைத் திறந்து பாருங்கள். வெயிலில் கிடக்கும் முக்கால் இஞ்ச் பைப்பில் பத்து மீட்டருக்குச் சுமார் 3 லிட்டர் நிற்கும். அரை வாளி பிடித்ததும் சூடு தணிந்தால் கோளாறு பைப்பில்; அதற்கு ஃபோம் உறை சுற்றி, வெயில் படாமல் டேப் ஒட்டினால் போதும். வாளி நிரம்பியும் சுட்டால் டேங்க்தான். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பு வாங்கும் சூடு, 1000 லிட்டரை ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிகூட ஏற்றாது. அடியில் 250 லிட்டர்தான் இருந்தால் 3 டிகிரி ஏற்றிவிடும். அதனால் மோட்டாரை மாலையில் அல்ல, விடியற்காலையில் போட்டு டேங்கை நிரப்புங்கள். மேலே கீற்றோ நிழல்வலையோ ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வெள்ளை பெயிண்டும் உதவும். ஆனால் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை டேங்க் வாங்கிவிடாதீர்கள், பாசி பிடிக்கும்.